துண்டு துண்டான டிஎன்ஏவைப் பெருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம், இரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவைக் கொண்டு 10,000 பேரின் மரபணுத்தொகையை வாசித்தது. அத்தகைய மாதிரிகளில் டிஎன்ஏவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதே நகரில் புற்றுநோய் ஆய்வுக்கு வரும் நம் மாணவர்கள் பலருக்குக் கிடைப்பது, திசுவை மெழுகில் பதித்துவைத்த பழைய பாரஃபின் கட்டியிலிருந்தோ, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்தோ எடுத்த, சில நானோகிராம் சிதைந்த டிஎன்ஏதான்.

எத்தனை மூலக்கூறுகளோடு தொடங்குகிறோம் என்று கணக்கிடாமல், டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாக நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் இறங்குவதே ஆகப் பெரிய தவறு. மனித மரபணுத்தொகையின் ஒற்றைப் பிரதி ஏறத்தாழ 3.3 பிக்கோகிராம் எடையுள்ளது; ஆகவே 1 நானோகிராமில் சுமார் 300 பிரதிகளே இருக்கும். அதில் 1 சதவீத அளவிலுள்ள திடீர்மாற்றத்தைத் தேடினால், அதைச் சுமப்பவை மூன்றே மூலக்கூறுகள். வாசிப்புக் கருவிக்காகத் துண்டுகளின் முனைகளில் அடாப்டர் என்னும் சிறு டிஎன்ஏவை ஒட்டும் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணானால் மிஞ்சுவது ஒன்று, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். அதன்பின் சுழற்சிகளை எவ்வளவு கூட்டினாலும் இழந்தவை திரும்பமாட்டா; இருப்பவற்றின் நகல்கள் மட்டுமே குவிந்து, கருவி வாசித்த துண்டுகளின் (ரீட்) எண்ணிக்கை பார்க்க அழகாக இருக்கும். நகல் எது, மூலம் எது என்று பிரித்தறிய, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனிக் குறியீட்டைப் பெருக்கத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். அளவிடுவதற்கும் ஒளி உறிஞ்சல் கருவியை நம்பக்கூடாது. அது ஆர்என்ஏவையும் சேர்த்தே எண்ணும். ஒளிரும் சாயத்தால் அளப்பதே பொருந்தும்.

ஒற்றைச் செல் ஆய்வில் நன்றாக வேலை செய்கிறதே என்று பை29 என்னும் டிஎன்ஏ நகலெடுக்கும் நொதியை இங்கும் பயன்படுத்துவது அடுத்த தவறு. பல்லாயிரம் டிஎன்ஏ எழுத்துகள் (காரங்கள்) நிற்காமல் ஓடும் அந்த நொதிக்கு நீண்ட இழை வேண்டும். பிளாஸ்மாவில் மிதக்கும் துண்டுகளோ சுமார் 167 எழுத்து நீளமே உள்ளவை. நகலெடுப்பைத் தொடக்கிவைக்கும் சிறு இழைகளான பிரைமர்களிலிருந்தே அந்நொதி பொருளற்ற டிஎன்ஏவை உண்டாக்கக்கூடும் என்பதால், டிஎன்ஏ இடாத வெற்றுக் குழாய் ஒன்றை உடன் ஓட்டாமல் விளைச்சலைக் கண்டு மகிழ வேண்டாம். நீண்ட டிஎன்ஏவுக்கென எழுதிய 0.8 மடங்கு பீட் (டிஎன்ஏவைப் பிடித்துச் சுத்திகரிக்கும் காந்த மணிகள்) விகிதத்தை அடாப்டர் ஒட்டுமுன் அப்படியே பின்பற்றினாலும் இந்தக் குறுந்துண்டுகள் பெரும்பாலும் கழுவுநீரோடு போய்விடும்.

பாரஃபின் கட்டியில் சிக்கல் வேறு. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் சைட்டோசின் என்னும் டிஎன்ஏ எழுத்து யுராசிலாக மாறி, பெருக்கத்தில் தைமின் என்னும் வேறு எழுத்தாக வாசிக்கப்பட்டு, இல்லாத திடீர்மாற்றம் ஒன்று தோன்றும். யுராசிலை நீக்கும் நொதியை முன்கூட்டியே இடுவது இதைப் பெருமளவு குறைக்கும். ஆனால் சேதமுற்ற அம்மூலக்கூறுகள் பெருகாமல் போவதால் முன்சொன்ன பிரதிக் கணக்கு இன்னும் சுருங்கும். மெத்தில் என்னும் வேதித்தொகுதி ஏறிய சைட்டோசின் நேரடியாகத் தைமினாகிவிட்ட இடங்களை அந்நொதியால் திருத்தவும் இயலாது.

பிளாஸ்மாவைப் பொறுத்தவரை தவறு ஆய்வகத்துக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. உறைதலை மட்டும் தடுக்கும் சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்த இரத்தம் சேலத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, ஓசூர் சாலை நெரிசலையும் கடந்து சேர்வதற்குள் வெள்ளணுக்கள் சிதைந்து, தங்கள் நீண்ட டிஎன்ஏவைக் கொட்டி, நாம் தேடும் குறுந்துண்டுகளை மூழ்கடித்துவிடும். சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வழியில்லையெனில் செல்களைக் காக்கும் சிறப்புக் குழாயைத்தான் அனுப்ப வேண்டும். துண்டுகளின் நீளத்தை அளக்கும் பரிசோதனையின் வரைபடத்தில் 167 எழுத்துக்கு அருகே முகடு மங்கி, பல ஆயிரம் எழுத்துப் பகுதியில் மேடு தெரிந்தால், பெருக்கத்தைத் தொடங்காமல் புதிய மாதிரி கேட்பதே சரி.