பிராக்கில் தனியாக ஒரு நாள்: பலரும் சறுக்கும் இடங்கள்

செக் தலைநகர் பிராக்கில் ஒரே ஒரு நாள் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு திசையில்தான் தொடங்குகிறது. பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம், நெருடோவா தெரு ஏற்றம் என்று மூச்சு வாங்க ஏறி, பதினொரு மணிவாக்கில் பிராக் கோட்டை வாசலில் போய் நிற்பார்கள். சுற்றுலாக் குழுக்களும் அதே வழியில், அதே நேரத்தில்தான் வந்து சேரும். டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்துக்கு இன்னொன்று என நின்றே மதியமாகிவிடும்.

வழியைத் தலைகீழாக்குங்கள். விடிந்த கையோடு பாலம். நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் அடிக்கல் நாட்டிய பாலம் இது. நீளம் சுமார் 516 மீட்டர், இருபுறமும் 30 சிலைகள். எட்டு மணிக்கு மேல் அங்கே சிலைகளைவிட செல்ஃபி குச்சிகளே அதிகம். பாலத்தைக் கடந்து மாலா ஸ்ட்ரானா பக்கம் வந்ததும் 22ஆம் எண் டிராம் பிடித்து ‘ப்ராஜ்ஸ்கீ ஹ்ராத்’ நிறுத்தத்தில் இறங்கினால், ஏற்றம் ஏறாமல் கோட்டையின் வடக்கு வாசலை அடையலாம். முன்வாசலைவிட இங்கே கூட்டம் பொதுவாகக் குறைவு. உள்கட்டடங்கள் ஒன்பது மணிக்குத் திறக்கும்போது வாசலில் இருந்தால், 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடிந்த செயின்ட் வீட்டஸ் பேராலயத்தை நெரிசல் இல்லாமல் பார்க்கலாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்தத் திட்டம் பலிக்காது. காலையில் வழிபாடு நடப்பதால் பேராலயம் பார்வையாளர்களுக்கு நண்பகலில்தான் திறக்கும். சனிக்கிழமையோ யூதர்களின் ஓய்வுநாள். ஜோசஃபோவ் பகுதியில் யூத அருங்காட்சியகத்தின் தொழுகைக்கூடங்கள், பழைய கல்லறைத் தோட்டம் எல்லாமே மூடியிருக்கும். இரண்டையும் பார்க்க ஆசை என்றால் வார நாள்தான் சரி. விமான டிக்கெட் போடும்போதே கிழமையைப் பாருங்கள்.

அடுத்தது டிராம் டிக்கெட். அபராதம் கட்டுகிற வெளிநாட்டினரில் பலர் டிக்கெட் வாங்கியவர்கள்தான். முத்திரை குத்தத் தவறியவர்கள். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. முதல் பயணத்தில் மஞ்சள் பெட்டியில் ஒருமுறை நுழைத்து நேரம் அச்சிட வேண்டும். மெட்ரோவில் இந்தப் பெட்டி நகரும் படிக்கட்டுக்கு முன்பாகவே இருக்கும். கீழே இறங்கிவிட்டால் வாய்ப்பு போய்விடும். டிராமிலும் பஸ்ஸிலும் உள்ளே இருக்கும். மாறாக, டிராமுக்குள் இருக்கும் கார்டு இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டில் நேரம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், அதற்கு முத்திரை தேவையில்லை. மொபைல் செயலியில் வாங்கினால் ‘ஆக்டிவேட்’ தட்டிய சிறிது நேரம் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஏறுவதற்கு முன்பே தட்டிவிடுங்கள். பரிசோதகரைப் பார்த்தபின் தட்டினால் பயனில்லை. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம் என்று வகைகள் உண்டு. நான்கைந்து முறை ஏறி இறங்குவதாக இருந்தால் 24 மணி நேர டிக்கெட் தலைவலி இல்லாதது.

டிராம் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இது உயிர் சம்பந்தப்பட்டது. வரிக்குதிரைக் கோட்டில் கார்கள் நிற்கும், டிராம் நிற்காது. சிக்னல் இல்லாத கடப்பில் செக் சட்டப்படி டிராமுக்கே முன்னுரிமை. கூட வருபவர் கையைப் பிடித்து இழுக்கமாட்டார், தனியாகப் போகிறீர்கள். தண்டவாளம் கண்ணில் பட்டதும் மொபைல் வரைபடத்தைப் பைக்குள் போடுங்கள்.

கோட்டையிலிருந்து நெருடோவா தெரு வழியாக இறங்கும்போது வீட்டு வாசல்களுக்கு மேலே பாருங்கள். மூன்று வயலின், இரண்டு சூரியன் என்று புடைப்புச் சின்னங்கள் தெரியும். வீட்டு எண்கள் வருவதற்கு முன் இவைதான் முகவரி. எண்கள் வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தகடுகள். சிவப்பில் இருப்பது அந்தப் பகுதி முழுவதற்குமான பதிவு எண், நீலத்தில் இருப்பது தெரு வரிசை எண். முகவரி 233/47 என்றிருந்தால் நீங்கள் தேட வேண்டியது நீலத் தகட்டில் 47. சிவப்பைப் பார்த்து நடப்பவர்கள் ஒரே தெருவில் மேலும் கீழும் அலைவார்கள்.

பணத்தில் ஏமாறுவது பெரும்பாலும் பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றித்தான். இங்கே நாணயம் கொருனா. யூரோ வாங்கும் கடைகள் உண்டு, ஆனால் அவர்கள் வைத்ததுதான் ரேட். ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையை நம்ப வேண்டாம். லாபம் ரேட்டிலேயே ஒளிந்திருக்கும். நோட்டை நீட்டுமுன் எத்தனை கொருனா கைக்கு வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தது பிறகு தெரிந்தாலும் வழியுண்டு: 2019 முதல், 1000 யூரோ மதிப்புக்குள் மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யச் சட்டம் உரிமை தருகிறது. ரசீது இருக்க வேண்டும். தெருவில் நின்று நல்ல ரேட் தருகிறேன் என்பவரிடம் இந்த உரிமை கிடையாது. அங்கே செல்லாத பெலாரஸ் ரூபிள் கைக்கு வந்த கதைகள் ஏராளம். ஏடிஎம்மில் ரூபாயிலோ யூரோவிலோ கணக்கிடட்டுமா என்று திரை கேட்டால் மறுத்துவிட்டு, கொருனாவிலேயே எடுங்கள். சாதாரண உடையில் வந்து போலீஸ் என்று சொல்லி, பர்ஸைத் திறந்து பணத்தைக் காட்டு என்றால் அவர் போலீஸ் அல்ல. 158ஐ அழைப்பதாகச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு, வார நாட்களில் சுமார் 11 முதல் 2 மணி வரை உள்ளூர் உணவகங்கள் போடும் ‘பொலெட்னீ மெனு’தான் மலிவு. மாலையில் அதே உணவின் விலை ஏறிவிடும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ‘ஹோவியெசீ’ என்ற சொல்லையும், பன்றி தவிர்ப்பவர்கள் ‘வெப்ர்ஜோவே’ என்பதையும் மனதில் வையுங்கள். காய்கறி சூப் என்றாலும் அடிச்சாறு மாட்டெலும்பாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். சைவத்துக்கு எங்கும் கிடைப்பது பொரித்த பாலாடைக்கட்டி, ‘ஸ்மஜெனீ சீர்’. தெருவெங்கும் கம்பியில் சுழலும் ட்ரடெல்நிக் என்ற இனிப்புச் சுருள் ரொட்டி பழைய பிராக் பண்டம் என்று விற்கப்படுகிறது. அது சுற்றுலாவோடு வந்தது. ருசிக்காகச் சாப்பிடலாம், பாரம்பரியத்துக்காக வேண்டாம்.

மாலையில் பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம். 1410இல் செய்யப்பட்டது. காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, அப்போஸ்தலர்கள் சன்னலில் வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த நிமிடத்தில் கூட்டமே தலையை அண்ணாந்திருக்கும், ஜேப்படிக்காரர்கள் மட்டும் குனிந்திருப்பார்கள். பையை முன்பக்கம் மாட்டுங்கள். உண்மையில் நிதானமாகப் பார்க்க வேண்டியது முகப்பைத்தான். அதற்கு மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு வருவது மேல். வெளி வளையத்தில் பழைய எழுத்துருவில் 1 முதல் 24 வரை இருக்கும். அது சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும் பழைய செக் நேரம், அதனால் பருவத்துக்கேற்ப வளையமே நகரும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. குளிர்காலத்தில் போகிறவர்கள் வெளிச்சம் வேண்டிய இடங்களை மூன்றரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவோடு, வெள்ளி, சனி இரவுகளில் சுமார் ஒரு மணியோடு, மெட்ரோ நின்றுவிடும். டாக்ஸிக்கு அவசரப்பட வேண்டியதில்லை. 90களில் எண் கொண்ட இரவு டிராம்கள் எல்லாம் லசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும். வழி தவறினாலும் அங்கே இறங்கி மாறலாம். முத்திரையிட்ட டிக்கெட்டில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.