முகூர்த்தத்தில் சுருதி ஏறுகிறதா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம்தான். துண்டு துண்டான கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் கான்கேட் போட்டு, அதாவது கோப்புப் பெயர்களை ஒரு பட்டியலில் எழிதிக் கொடுத்து, மறு என்கோடிங் (படத்தையும் ஒலியையும் புதிதாகச் சுருக்கி எழுதுவது) இல்லாமல் ஒட்டுகிறோம். மாப்பிள்ளை அழைப்பு ஒழுங்காக ஓடும். முகூர்த்தம் வந்ததும் நாதஸ்வரத்தின் சுருதி ஏறிக் கேட்கும், இல்லை படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று போகும்.

பெரும்பாலும் நடுவில் சொருகிய செல்போன் கிளிப்தான் காரணம். அப்படியே ஒட்டும்போது எல்லாத் துண்டுக்கும் கோடெக் (சுருக்கும் முறை), படத்தின் அளவு, ஆடியோ சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) ஒன்றாக இருக்க வேண்டும். கேமரா 48000, போன் 44100 என்றால் வம்புதான். எஃப்எஃப்எம்பெக்கோடு வரும், கோப்பின் விவரம் காட்டும் எஃப்எஃப்புரோப்பில் (ffprobe) ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒத்துவராத கிளிப்பை மட்டும் கேமராவின் கணக்குக்கு மாற்றிவிட்டு ஒட்டினால் போதும். மூன்று மணி நேர வீடியோ முழுவதையும் மறுபடி என்கோடு செய்வது மின்சாரத்துக்குத்தான் கேடு. போன் கிளிப்பில் ஃபிரேம் ரேட்டும் (நொடிக்கு எத்தனை படம் என்பது) ஏறி இறங்கும்; மாற்றும்போதே அதையும் ஒரே எண்ணில் நிறுத்திவிடுங்கள்.

ஒட்டும்போது 'அன்சேஃப் ஃபைல் நேம்' என்று பிழைச் செய்தி வந்தால் பயப்படாதீர்கள். 'தாலிகட்டு' என்று தமிழில் பெயர் வைத்தாலே, நடுவில் இடைவெளி விட்டாலே அப்படித்தான் முறைக்கும். கட்டளையில் உள்ளீட்டுக் கோப்பைச் சொல்வதற்கு முன்னால் 'மைனஸ் சேஃப் 0' (-safe 0) சேருங்கள். பட்டியலில் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.

அப்புறம், வரிசை. வெறும் 1, 2 என்று எண் போட்டால் பட்டியலில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்காரும். 01, 02 என்றே போடுங்கள்.