மலையில வீடு கட்ட பாஸோட எந்த மாதிரி காசு பேசுறது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு எந்தப் பக்கம் வீடு கட்ட இறங்கினாலும் பாஸ்கிட்ட (வீட்டைக் கட்டித் தர்ற மேசன்) முதல்ல கேக்குற கேள்வி "சதுர அடிக்கு எவ்வளவு?"தான். கொழும்புப் பக்கம் சமமான காணியில அது ஓரளவு சரியா வரும், நமக்கு வராது, ஏன்னா இங்க காசை முழுங்குறது தரைக்கு மேல இருக்குற 1000 சதுர அடி இல்ல, மண் வெட்டுறது, தாங்கு சுவர், அத்திவாரம், தண்ணி போற கான், இதெல்லாம்தான், இதுல ஒண்ணுமே சதுர அடி கணக்குல தெரியாது.

அதனால நான் சொல்றது இதுதான்: மண்ணுக்குள்ள போற வேலையை அளந்து பாத்து காசு குடுங்க, அத்திவாரத்துக்கு மேல உள்ளதை மொத்தமா ஒரு தொகைக்குப் பேசுங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு மாதிரி விலை போடலாமான்னு யோசிக்காதீங்க, தாராளமா போடலாம், எக்ரிமென்ட்ல ரெண்டு பகுதியா எழுதினா போதும்.

அளந்து குடுக்குறதுன்னா, மண் வெட்டுறதுக்கு ஒரு கியூப்புக்கு இவ்வளவு, கருங்கல் கட்டுக்கு ஒரு கியூப்புக்கு இவ்வளவு, கல் உடைக்க வந்தா அதுக்குத் தனி ரேட்டுன்னு முன்னாலயே பேசிக்கிறது (ஒரு கியூப்னா 100 கன அடி). வேலை முடிஞ்சதும் ரெண்டு பேரும் டேப் புடிச்சு அளந்து கையெழுத்து வைக்கணும், மூடுறதுக்கு முன்னால போட்டோ எடுக்கணும். ஏன் இப்படின்னா வெட்டிப் பாக்குற வரைக்கும் கீழ பாறை இருக்கா, பழைய நிரப்பு மண்ணா, ஊத்துத் தண்ணியான்னு பாஸுக்கும் தெரியாது. அதையும் சேத்து மொத்தமா விலை கேட்டீங்கன்னா, ஒண்ணு பயத்துல விலையைக் கூட்டிப் போடுவார், இல்ல வேலை கிடைக்கட்டும்னு குறைச்சுப் போட்டுட்டு பாறை வந்த அன்னைக்கு எக்ஸ்ட்ரா கேட்டு நிப்பார்.

இன்னொண்ணு, நம்ம மாவட்டங்கள்ல மண்சரிவு அபாயம் இருக்குறதால என்.பி.ஆர்.ஓ (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) அறிக்கை இல்லாம பிரதேச சபையில பிளான் பாஸ் பண்றது கஷ்டம். டித்வா புயலுக்குப் பிறகு இதைப் பத்தி யாருக்கும் விளக்கத் தேவையில்ல. அந்த அறிக்கையில தாங்கு சுவர், கான்னு நிபந்தனை போட்டிருந்தா அதையும் பாஸ்கிட்ட காட்டிட்டுத்தான் விலை கேக்கணும், விலை பேசி முடிச்ச பிறகு காட்டினா அது உங்க தலையிலதான் விழும்.

இனி மொத்தத் தொகை. இது நல்லதுதான், ஆனா பிளான் முழுசா இருக்கணும், கூடவே ஒரு கியூ.எஸ் (வேலை அளவையும் செலவையும் கணக்குப் போடுறவர்) கிட்ட காசு குடுத்து பி.ஓ.கியூ (வேலை அளவுப் பட்டியல்) போட்டு எடுங்க. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு, என்ன சாமான்னு அதுல இருக்கும், மூணு பாஸ்கிட்ட விலை கேட்டாலும் ஒரே தாளை வச்சு ஒப்பிடலாம். "நல்ல டைல்ஸ்"னு எழுதினா அது ஒரு எழுத்தே இல்ல, சதுர அடிக்கு எத்தனை ரூபா டைல்ஸ்னு எழுதணும், பாத்ரூம் சாமானுக்கும் அப்படித்தான். சாமான் விலை ஏறினா யாருக்குன்னும் எழுதுங்க. 2022ல டொலர் 200ல இருந்து 360 தாண்டி போனப்போ சீமெந்து, கம்பி எல்லாம் எங்கயோ போச்சு, கட்டிக்கிட்டிருந்த வேலைங்க நிறைய பாதியில நின்னுச்சு. கையெழுத்து வைக்கிற அன்னைக்கு சீமெந்து, கம்பி விலையைக் குறிச்சு வச்சு, 10 வீதத்துக்கு மேல ஏறினா மிச்சத்தை பில்லைப் பாத்துப் பங்கு போடலாம், இறங்கினாலும் அப்படியே.

லேபர் மட்டும் பேசி சாமானை நாமளே வாங்குறது நம்ம பக்கம் நிறைய நடக்குது. வீட்டுல ஒரு ஆள் தினமும் சைட்ல நிக்க முடிஞ்சா மிச்சம் புடிக்கலாம், வெளிநாட்டுலயோ கொழும்புலயோ வேலைன்னா வேணாம். லொறி ரோட்டோட நின்னுச்சுன்னா மணலும் கல்லும் மேல தூக்குற கூலி யாரோடது, மழைக்கு வேலை நின்ன நாளுக்குக் கூலி உண்டா, இதை முதல்லயே பேசுங்க. ஹட்டன் பக்கம்னா மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் மழையை நம்பவே முடியாது, பதுளைப் பக்கம்னா வருஷக் கடைசிதான் மோசம்.

பாஸோட கூலியை மொத்தச் செலவுல இத்தனை வீதம்னு பேசுறது பழைய வீட்டை உடைச்சுத் திருத்துற வேலைக்குத்தான் பொருந்தும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாதே. ஆனா வீதக் கணக்கு எனக்குப் புடிக்காது. 15 வீதம்னு வச்சுக்குங்க, செலவு 80 லட்சம்னா பாஸுக்கு 12 லட்சம், 1 கோடியா ஏறினா 15 லட்சம், பிறகு யார் சிக்கனம் பாப்பாங்க? கூலியை ஒரே தொகையா முடிவு பண்ணுங்க, மொத்தச் செலவுக்கு ஒரு உச்ச வரம்பு போடுங்க, ஹார்ட்வெயார் பில் எல்லாம் உங்க பேர்ல வரணும், கடைக்காரர் குடுக்குற விலைக் கழிவும் உங்களுக்குத்தான்னு எழுதுங்க.

எந்த மாதிரி பேசினாலும் காசை திகதி பாத்துக் குடுக்காதீங்க, வேலையைப் பாத்துக் குடுங்க. அத்திவாரம், லிண்டல், சிலாப் இல்லாட்டி கூரை, பூச்சு, பினிஷிங்னு பிரிச்சு, கடைசி 5 வீதத்தை 12 மாசம் கையில வச்சுக்குங்க, ரெண்டு பருவ மழையும் கூரையையும் தாங்கு சுவரையும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிரும்.

எக்ஸ்ட்ரா வேலைதான் சண்டை வர்ற இடம். "அண்ணே இந்த ஜன்னலை கொஞ்சம் பெருசாக்குவமே"ன்னு வாயால சொன்னது கடைசி பில்லுல என்ன விலைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்ல விலையை எழுதி அனுப்பி, மத்தவர் சரின்னு பதில் போட்ட பிறகுதான் அந்த வேலையைத் தொடங்கணும்னு எக்ரிமென்ட்லயே ஒரு வரி சேத்துருங்க.