சிறிய காருக்கு டிரைவிங் லைட்: தேர்வு, பொருத்தம், வயரிங்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. எதிரே எதையாவது கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். உலர்ந்த சாலையில் கார் நிற்க அதற்கு மேல் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 100 மீட்டர். சிறிய கார்களின் ஹை பீம் பெரும்பாலும் அந்தத் தொலைவிலேயே மங்கத் தொடங்கிவிடும். ஹை பீமுக்குத் துணையாக முன்னால் மாட்டும் கூடுதல் விளக்கான டிரைவிங் லைட்டுக்கு வேலை அதற்கு அப்பால்தான். பம்பருக்கு முன்னால் பத்து மீட்டரைப் பகலாக்கினால் கண்மணி சுருங்கி, தூரத்தில் இருப்பது முன்பைவிடக் குறைவாகத் தெரியும்.

வாங்குவதற்கு முன் ஹெட்லைட்டைப் பாருங்கள். கண்ணாடி மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது பல்பின் முனையில் வோல்டேஜ் அளந்து, பேட்டரியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வயரிங்கில். அதைச் சரிசெய்தாலே பலருக்குப் புது லைட் தேவைப்படாது.

எதை வாங்குவது

டிரைவிங் லைட்டின் ஒளி குறுகலானது, நீளமானது. ஹை பீமோடு மட்டும் எரிய வேண்டியது. ஃபாக் லைட்டின் ஒளி அகலமாக, மேல் விளிம்பு கத்தரித்தாற்போல் இருக்கும். தாழ்வாகப் பொருத்தி லோ பீமோடு போடுவது. இரண்டு வேலைக்கும் ஒரே லைட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட லூமென் எண்ணை நம்பித் தேர்வு செய்யாதீர்கள். அது மொத்த ஒளியின் அளவு. எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது. பார்க்க வேண்டியது கேண்டெலா (ஒரே திசையில் போகும் ஒளியின் வலிமை), அல்லது '1 லக்ஸ் எத்தனை மீட்டரில்' என்ற விவரம். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. 40,000 கேண்டெலா என்றால் 200 மீட்டரில் 1 லக்ஸ். விலை குறைந்த எல்.இ.டி.களில் வாட் எண்ணும் கற்பனைதான்: மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து ஆம்பியர் அளந்து வோல்ட்டால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

ஹாலஜன் எடுத்தால் 55 வாட் போதும். 100 வாட் பல்பைப் போட்டால் ரிஃப்ளெக்டர் கருகும், ஹோல்டர் உருகும். ஹாலஜன் லைட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகுவதும் வேண்டாம். ஒளி பிறக்கும் இடம் மாறுவதால் கற்றை சிதறும். எல்.இ.டி. வேண்டுமென்றால் அதற்கென்றே வடிவமைத்த லைட்டாக, பின்னால் சூட்டை வெளியேற்றும் கனமான அலுமினிய ஹீட்சிங்கோடு, தூசியும் தண்ணீரும் புகாமைக்கான ஐ.பி. 67 அல்லது அதற்கு மேல் தரமுள்ளதாக எடுங்கள். நிறம் 4000 முதல் 5000 கெல்வின் வரை இருந்தால் நல்லது. 6500க்கு மேல் நீலம் ஏறிய ஒளி பளிச்சென்று தெரியும், ஆனால் மழையிலும் தூசியிலும் கண்ணைத்தான் கூசச் செய்யும்.

வட்டத்துக்குள் 'E' எழுத்து முத்திரை உள்ள லைட்டில், அதன் ஒளி வலிமையைக் குறிக்கும் 17.5, 37.5 போன்ற ஓர் எண் இருக்கும். ஐ.நா. வாகன விதி 48 நடைமுறையில் உள்ள இடங்களில், காரின் எல்லா ஹை பீம் விளக்குகளின் எண்களையும் கூட்டினால் 100ஐத் தாண்டக் கூடாது. ஓட்டை போடுவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

எங்கே, எப்படிப் பொருத்துவது

பிளாஸ்டிக் பம்பரில் நேரடியாகத் திருகினால் லைட் ஆடும். கையால் தட்டினால் அசையாத லைட்கூட, எஞ்சின் ஓடும்போது தூரத்து ஒளியை நடுங்க வைக்கும். 3 அல்லது 4 மி.மீ. இரும்புத் தகட்டில் பிராக்கெட் செய்து, பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் மாட்டுங்கள். பிராக்கெட் நீண்டிருந்தால் லைட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தாங்கு கம்பி கொடுங்கள். 8 மி.மீ. போல்ட், நைலாக் நட்டு (அதிர்வில் கழலாதது), அகல வாஷர். சட்டத்தில் புதுத் துளை போடவோ வெல்டிங் செய்யவோ வேண்டாம். மோதலில் அது மடங்க வேண்டிய விதம் மாறிவிடும், ஏர்பேக் சென்சாரும் அங்கேதான் இருக்கலாம்.

சிறிய காரில் கிரில்லே சிறியது. பெரிய வட்ட லைட் இரண்டை அதன் முன் நிறுத்தினால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். நம்பர் பிளேட், பார்க்கிங் சென்சார், ரேடார் எதையும் மறைக்கக் கூடாது. கூரையில் வைத்தால் பானட்டில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணில் அடிக்கும்.

வயரிங்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ஹெட்லைட் வயரிலிருந்து நேராகக் கரன்ட் எடுக்காதீர்கள். ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்ச் அந்தச் சுமைக்கானதல்ல. ரிலே, அதாவது சிறு கரன்ட்டைக் கொண்டு பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், அவசியம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவிலிருந்து வரும் வயரில் 15 முதல் 20 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முந்தைய பகுதி உரசி காரின் உடலைத் தொட்டால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. ரிலேயின் முனைகளில் எண்கள் இருக்கும். ஃபியூஸிலிருந்து 40 ஆம்பியர் ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து லைட்டுகளுக்கு. 85 எர்த்துக்கு (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த காரின் உலோக உடல்). 86க்கு ஹை பீம் சிக்னல், நடுவில் காருக்குள் ஒரு சுவிட்ச். ஹை பீமும் சுவிட்சும் இரண்டும் இருந்தால்தான் எரியும். எதிரே வண்டி வந்து டிம் செய்ததும் தானாக அணையும். ஐந்து முனை ரிலேயில் 87ஏ என்று இருப்பதில் லைட்டைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழாகி, ஓய்வு நிலையில் எரிந்துகொண்டிருக்கும்.

55 வாட் ஹாலஜன் இரண்டுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் போகும்: 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. செப்பு வயர். ஐந்து மீட்டருக்கு 1 சதுர மி.மீ. வயர் போட்டால் சுமார் 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும். ஹாலஜனில் ஒளி வோல்டேஜைவிட வேகமாக விழும் என்பதால் ஏறக்குறைய 20 சதவீத வெளிச்சம் நஷ்டம். எல்.இ.டி.க்கு அளந்த ஆம்பியரைப் போல ஒன்றரை மடங்கு ஃபியூஸ், 1.5 சதுர மி.மீ. வயர் பெரும்பாலும் போதும்.

சில கார்களில் ஹை பீம் நெகட்டிவ் பக்கம் சுவிட்ச் ஆகும். பல்பு சாக்கெட்டின் ஹை பீம் முனையில், அணைந்திருக்கும்போது 12 வோல்ட்டும் எரியும்போது பூஜ்யத்துக்கு அருகிலும் காட்டினால் அந்த வகை. அப்போது சாக்கெட்டின் பொது பாசிட்டிவிலிருந்து உள் சுவிட்ச் வழியாக 86க்கும், ஹை பீம் முனையிலிருந்து 85க்கும் கொடுங்கள்.

எர்த்துக்கு காரின் உடலில் உள்ள ஒரு போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் மாட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரி நெகட்டிவில் சென்சார் இருக்கும் கார்களில் அந்த முனையில் நேரடியாக எர்த் எடுக்கக் கூடாது. உடல் பக்கமே எடுங்கள். இணைப்புகளைக் கிரிம்ப் செய்து (டெர்மினலை நசுக்கிப் பிடித்து), சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றியது ஒரு மழைக்காலம் தாங்குவது கஷ்டம். நெளிகுழாய்க்குள் வயரை விட்டு, ஃபேன், எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கட்டுங்கள். உள்ளே நுழையும் துளையில், ஓரம் வயரை அறுக்காமல் இருக்க ரப்பர் குரோமெட் (வளையம்) கட்டாயம்.

ஒளியைக் குறிவைப்பது

டயரில் சரியான காற்று, டிரைவர் இருக்கையில் ஆள், வழக்கமான சுமை. சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு லைட்டின் மையத்துக்கும் நேராகச் சுவரில் குறியிடுங்கள். ஒரு லைட்டை அட்டையால் மறைத்து மற்றதைச் சரிசெய்யுங்கள். ஹாலஜனில் அட்டை கண்ணாடியைத் தொட வேண்டாம். ஒளியின் மிகப் பிரகாசமான புள்ளி குறிக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். லைட் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்தப் புள்ளி 120 மீட்டரில் சாலையைத் தொடும். இரண்டும் நேராகவே இருக்கட்டும்; குறுக்காகத் திருப்புவதில் லாபமில்லை.

சிறிய காரில் சுமை கணக்கில் வர வேண்டும். சக்கர இடைவெளி 2.4 மீட்டர் உள்ள காரின் பின்பக்கம் 2.4 செ.மீ. அமுங்கினாலே 10 மீட்டரில் ஒளி 10 செ.மீ. உயரும். டிக்கி நிறைய சாமானோடு ஓட்டுபவர்கள் அதே சுமையோடு குறிவைக்கட்டும்.

எரியாவிட்டால்

ரிலே 'டிக்' என்கிறது, லைட் எரியவில்லை: ஃபியூஸையும் 30, 87 முனைகளையும் சோதியுங்கள். 'டிக்' சத்தமே இல்லையென்றால் 85, 86. ஒன்று மட்டும் மங்கல் என்றால் பத்தில் ஒன்பது தடவை எர்த்தான். ரிலே படபடவென்று துடித்தால், புதிய கார்களில் ஹெட்லைட்டுக்குத் துடிப்பாகக் கரன்ட் போவது காரணமாக இருக்கலாம். சிக்னலை அதற்கென உள்ள மாட்யூல் வழியாக எடுக்க வேண்டும். லைட் போட்டதும் ரேடியோ இரைந்தால், எல்.இ.டி.க்குக் கரன்ட்டைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மட்டமானது. வயரை ஆன்டெனாவிலிருந்து விலக்கினால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கி, சுவர்க்குறியையும் திரும்பப் பாருங்கள். பனியிலும் அடைமழையிலும் டிரைவிங் லைட்டை உள் சுவிட்சில் அணைத்துவிட்டு லோ பீமில் ஓட்டுங்கள்.