இருட்டை அளந்து பார்த்தல்: ஸ்பிளின்டர் செல் தொடரைத் தரவரிசைப்படுத்தும் முறை

ஒளிந்து ஆடும் கேம் தொடர் ஒன்றைத் தரவரிசைப்படுத்த முற்படுபவர்கள் பெரும்பாலும் கதையில் தொடங்கி கிராபிக்ஸில் முடித்துவிடுகிறார்கள். ஸ்பிளின்டர் செல் தொடருக்கு அந்த வழி உதவாது. 2002 முதல் 2013 வரை வெளிவந்த ஆறு முதன்மைப் பாகங்களின் கதைகளும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு சதி உருவாகிறது, நாயகனான உளவாளி சாம் ஃபிஷர் இரவில் தனியாக உள்ளே நுழைகிறார், ஒரு கணினியிலிருந்தோ ஒரு மனிதரின் வாயிலிருந்தோ தகவலைப் பெறுகிறார், வெளியேறுகிறார். அந்தப் பாகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது இருட்டை அவை நடத்தும் விதம்தான். ஆகவே பட்டியல் போடுவதற்கு முன்னால் இருட்டை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

நான் கையாளும் அளவுகோல் எளிமையானது. ஆட்டத்தில் பிடிபட்டவுடன் கையை எடுத்துவிட்டு, ஏன் பிடிபட்டேன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். “விளக்கு வெளிச்சத்தில் அரை அடி வெளியே வந்துவிட்டேன்”, “கண்ணாடித் துண்டின்மேல் வேகமாக நடந்துவிட்டேன்” என்று சொல்ல முடிந்தால் தவறு நம்முடையது, ஆட்டம் நேர்மையானது. “அவன் எப்படிப் பார்த்தான் என்றே தெரியவில்லை” என்று மட்டுமே சொல்ல முடிகிறது என்றால் அந்த இடத்தில் ஆட்டத்துக்கு ஒரு மதிப்பெண் குறையும். முதல் பாகத்தை முதன்முறை ஆடியபோது நான் எல்லாப் பழியையும் காவலர்கள்மேல் போட்டேன். ஒரு நோட்டில் காரணங்களை எழுதத் தொடங்கிய பிறகுதான், பத்தில் எட்டு முறை என் அவசரமே காரணம் என்பது புரிந்தது.

அளவுகோலைப் பயன்படுத்துவதற்குச் சில ஒழுங்குகள் தேவை. எல்லாப் பாகங்களையும் ஒரே மாதிரி ஆட வேண்டும்: இடைநிலைக்குக் குறையாத கடினத்தில், யாரையும் கொல்லாமல், அலாரம் ஒலிக்க விடாமல். கொலையைத் தவிர்க்கவே முடியாதபடி ஒரு பாகம் அமைந்திருந்தால் அதுவே அதைப் பற்றிய ஒரு தகவல் என்று குறித்துக்கொள்ளலாம். அடுத்தது, சேவ் செய்யும் பழக்கம். முதல் மூன்று பாகங்களின் பிசி பதிப்புகளில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியும் என்பதால், ஒவ்வோர் அடிக்கும் ஒரு சேவ் என்று ஆடத் தோன்றும். அப்படி ஆடினால் குறை உள்ள பாகமும் நல்ல பாகமும் ஒன்றுபோலவே இருக்கும், ஏனெனில் எந்தத் தவறுக்கும் விலை இருக்காது. ஓர் அறைக்கு ஒரு சேவ் என்று வைத்துக்கொள்வது நியாயமான வரம்பு.

வரிசையைப் பொறுத்தவரை, வெளிவந்த ஆண்டு வரிசையிலேயே ஆடுவது நல்லது. 2010இன் கன்விக்ஷனையோ 2013இன் பிளாக்லிஸ்டையோ முதலில் ஆடிப் பழகியவர்களுக்கு 2002இன் முதல் பாகத்தில் சாமின் நடை பொறுமையைச் சோதிக்கும். மேலிருந்து கீழே இறங்குவதுபோல் தோன்றும். வரிசைப்படி ஆடினால் ஒவ்வொரு பாகமும் முந்தையதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதைக் கைவிட்டது என்பது தெளிவாகத் தெரியும். இங்கே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கையும் அவசியம். 2004இன் பண்டோரா டுமாரோவின் பிசி பதிப்பில் நிழல்களை வரையப் பயன்படுத்திய பழைய முறை இன்றைய கிராபிக்ஸ் கார்டுகளில் சரியாக இயங்குவதில்லை. வெளிச்சமும் நிழலும் திரையில் தவறாகத் தெரியும் ஆட்டத்தை வைத்து இருட்டை அளப்பது வீண் வேலை. ரசிகர்கள் உருவாக்கிய திருத்தங்களைப் போட்ட பிறகோ, கன்சோல் பதிப்பிலோ ஆடிவிட்டுத்தான் அதற்கு மதிப்பெண் இட வேண்டும்.

இன்னொரு பொறி 2006இன் டபுள் ஏஜென்ட். அந்தப் பெயரில் உண்மையில் இரண்டு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் 360, பிசி, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றுக்கு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ஷாங்காய் ஸ்டுடியோ ஒன்றை உருவாக்கியது. பழைய எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷன் 2க்கும் யூபிசாஃப்ட் மான்ட்ரியல் வேறொன்றை உருவாக்கியது. கதைச்சட்டகம் ஒன்று, மிஷன்களின் வடிவமைப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாதிடுபவர்கள் ஆளுக்கொரு ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பல சண்டைகளுக்குக் காரணம். பட்டியலில் இவற்றுக்கு இரண்டு தனி இடங்கள் ஒதுக்குங்கள். ஆக மொத்தம் ஏழு இடங்கள்.

இந்த முறையில் நான் போட்ட பட்டியலைக் கீழே தருகிறேன். இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மாதிரியாகக் கொள்ளலாம்.

முதலிடம் 2005இன் கேயாஸ் தியரிக்கு. இதில் பெரும்பாலான ரசிகர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஏன் என்று கேட்டால் ஆமன் டோபினின் இசையையோ, சாமுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் ஐரன்சைடின் வறண்ட குரலையோ சொல்வார்கள். இரண்டும் அருமைதான். நான் சொல்லும் காரணம் திரையின் மூலையில் இருக்கும் ஒரு சிறிய பட்டை. முந்தைய இரண்டு பாகங்களிலும் நாம் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறோம் என்று காட்டும் அளவி மட்டுமே இருந்தது. கேயாஸ் தியரி அதன் அருகில் ஒலியை அளக்கவும் ஓர் அளவியை வைத்தது. அதில் ஒரு குறி சுற்றுப்புறச் சத்தத்தைக் காட்டும். நம் காலடி எழுப்பும் சத்தம் அந்தக் குறிக்குக் கீழே இருக்கும்வரை காவலருக்குக் கேட்காது. இரைச்சலான இடத்தில் குறி மேலே ஏறும், அமைதியான அறையில் கீழே இறங்கும்.

இதைச் செய்து பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். நடைவழியில் ஒரு காவலர் முதுகைக் காட்டி நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசியில் சாமின் நடைவேகத்தை மௌஸ் சக்கரத்தால் கூட்டவும் குறைக்கவும் முடியும். சக்கரத்தை ஒரு படி கீழே உருட்டுகிறோம். பட்டை குறியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இன்னொரு படி உருட்டுகிறோம். பட்டை தாழ்கிறது, ஆனால் காவலர் நம்மைவிட வேகமாக நகர்ந்து வெளிச்சம் உள்ள முனையை நெருங்குகிறார். இப்போது துப்பாக்கியோடு இணைந்த மின்காந்தக் கருவியால் அந்த முனையின் விளக்கைச் சில நொடிகள் அணைத்து வைக்கலாம். சுட்டு உடைத்தால் இருட்டு நிரந்தரமாகும், ஆனால் உடைந்த விளக்கை அடுத்து வருபவர் கவனிப்பார். இத்தனை கணக்கும் நம் கைக்குள்ளேயே நடக்கிறது. பிடிபட்டால் எந்தக் கணக்குத் தப்பியது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. பிடிபட்டாலும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. மிஷன் முடிவில் எத்தனை முறை கண்ணில் பட்டோம், எத்தனை அலாரம் ஒலித்தது, எத்தனை உடல்கள் கண்டெடுக்கப்பட்டன என்று பட்டியலிட்டு விழுக்காட்டில் மதிப்பெண் தருகிறது. பனாமாவில் வங்கிக்குள் நுழையும் மிஷனை மட்டும் மூன்று வெவ்வேறு வழிகளில் ஆடிப் பாருங்கள். என் அளவுகோலில் இது ஏன் முழு மதிப்பெண் பெறுகிறது என்பது விளங்கும்.

இரண்டாமிடத்தை முதல் பாகத்துக்குத் தருகிறேன். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். அது கடுமையான ஆட்டம். பல மிஷன்களில் மூன்றாவது அலாரத்தோடு எல்லாம் முடிந்துவிடும். சில இடங்களில் துப்பாக்கிச் சண்டையைத் தவிர்க்க வழியே இல்லை. அவற்றுக்கு மதிப்பெண் குறைத்த பிறகும் அது மேலே நிற்கிறது. திரைச்சீலையில் விழும் நிழலும், ஜன்னல் கம்பிகள் தரையில் வரையும் கோடுகளும் அதில் அலங்காரம் அல்ல, நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பவை. சிஐஏ தலைமையகத்துக்குள்ளேயே நுழைய வேண்டிய மிஷனில் அங்கே இருப்பவர்கள் நம் தரப்பினர் என்பதால் ஒருவரையும் கொல்லக்கூடாது. எந்தக் காவலரை மயக்கமடையச் செய்வது, எவரைக் கடந்து போக விடுவது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று யோசிக்க வைக்கும் அந்த மிஷன், தொடர் பிற்காலத்தில் செய்ய முயன்றதையெல்லாம் ஏற்கெனவே செய்துவிட்டது.

மூன்றாமிடத்தில் பழைய கன்சோல்களின் டபுள் ஏஜென்ட். கேயாஸ் தியரியின் எலும்புக்கூட்டின்மேல் கட்டப்பட்டது என்பதால் இரண்டு அளவிகளும் அப்படியே இருக்கின்றன. ஒரு தீவிரவாதக் குழுவுக்குள் ஊடுருவி இரு தரப்பின் நம்பிக்கையையும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் புதிய பாரத்தைச் சேர்க்கிறது. பலர் ஆடாமலே விட்ட பாகம் இது.

நான்காமிடம் பிளாக்லிஸ்டுக்கு. யூபிசாஃப்ட் டொரான்டோ உருவாக்கிய இதில் ஐரன்சைடின் குரல் இல்லை. எரிக் ஜான்சன் சாமாக நடித்தார். அந்த இழப்பை நான் இன்னும் முழுமையாக மன்னிக்கவில்லை, ஆனால் குரலுக்கு என் அளவுகோலில் இடமில்லை. ஒளிந்தே போவது, ஒளிந்து கொல்வது, நேராகச் சண்டையிடுவது என்ற மூன்று பாணிகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் தருகிறது இந்தப் பாகம். முதல் பாணியை மட்டும் பின்பற்றி, ‘பர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்னும் உச்சக் கடினத்தில் ஆடுங்கள். எதிரிகளைக் குறியிட்டு ஒரே விசையில் வீழ்த்தும் வசதி அங்கே கிடையாது. ஆட்டம் பழைய சாமை நினைவூட்டத் தொடங்கும். குறிப்பாக, கிரிம் என்னும் பாத்திரம் தரும் பக்க மிஷன்களில் ஒரு முறை கண்ணில் பட்டாலே தோல்வி. குறை என்னவென்றால், நம் உடை இருட்டில் ஒளிர்கிறதா இல்லையா என்பதே பெரும்பாலும் ஒரே அடையாளம். ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே உள்ள அரையிருட்டு காணாமல் போய்விட்டது.

ஐந்தாவது பண்டோரா டுமாரோ. பாரிஸிலிருந்து நீஸ் செல்லும் ரயிலின் வெளிப்புறத்தில் தொற்றிக்கொண்டு நகரும் மிஷன் ஒன்றுக்காகவே இதை ஆடலாம். அலாரம் ஒலித்தால் காவலர்கள் கவச உடை அணிவதும், அடுத்த அலாரத்தில் தலைக்கவசமும் சேர்வதும் நல்ல யோசனை. ஆனால் பல இடங்களில் காவலரின் பாதையை மனப்பாடம் செய்தாலன்றித் தப்ப முடியாது; காரணம் சொல்ல முடியாத பிடிபடல்கள் என் நோட்டில் அதிகம் இருப்பது இந்தப் பாகத்துக்குத்தான். ஒளிந்து நகரும் இரண்டு உளவாளிகளையும் துப்பாக்கி ஏந்திய இரண்டு காவலாளிகளையும் மோதவிட்ட மல்டிபிளேயர் இதில்தான் அறிமுகமானது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உளவாளி தன்னைப் பின்னாலிருந்து பார்க்கிறார், காவலாளி தன் கண்வழியாக மட்டுமே பார்க்கிறார். இந்த ஒரு வேறுபாடே இருட்டைப் பற்றிய ஒரு பாடம். தனியாள் ஆட்டத்தை மட்டும் அளக்கும் பட்டியலில் அதற்கு மதிப்பெண் சேர்க்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆறாவது புதிய தலைமுறை டபுள் ஏஜென்ட். அளவிகளை எடுத்துவிட்டு, சாமின்மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும் ஒரு விளக்கை வைத்தது. பச்சை என்றால் மறைந்திருக்கிறோம், மஞ்சள் என்றால் தெரிகிறோம், சிவப்பு என்றால் பிடிபட்டோம். மஞ்சளுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அது சொல்வதில்லை. பட்டப்பகலில் நடக்கும் மிஷன்களும் உண்டு. துணிச்சலான முயற்சிதான், ஆனால் நிழலுக்குப் பதிலாக என்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

ஏழாவது கன்விக்ஷன். இதைக் கடைசியில் வைப்பது இது மோசமான ஆட்டம் என்பதால் அல்ல. விறுவிறுப்பில் இதை மிஞ்சிய பாகம் இந்தத் தொடரில் இல்லை. கதையின் வரிகளையும் இலக்குகளையும் சுவர்களின்மேல் ஒளிப்படமாக வீசிக் காட்டிய விதம் இன்றும் அழகு. மறைந்திருக்கும்போது திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். நம்மைக் கடைசியாகக் கண்ட இடத்தில் ஒரு வெண்ணிற நிழலுரு நிற்கும், எதிரிகள் அதைச் சுற்றி வளைப்பார்கள், நாம் பக்கவாட்டில் நழுவலாம். புத்திசாலித்தனமான யோசனை. ஆனால் உயிருடன் மயக்கமடையச் செய்யவும் வழியில்லை, உடலைத் தூக்கி மறைக்கவும் வழியில்லை. கொல்லாமல் ஆட வேண்டும் என்ற நம் விதி இங்கே முதல் மிஷனிலேயே உடைந்துவிடும். அளக்க வந்த கோலே செல்லாத இடம் இது. இதற்கு மட்டும் அளவுகோலைத் தள்ளிவைத்துவிட்டு, ஆர்ச்சர், கெஸ்ட்ரல் என்னும் இரு உளவாளிகளின் கூட்டாட்டத்தை நண்பர் ஒருவருடன் ஆடுமாறு பரிந்துரைக்கிறேன்.

பட்டியல் முடிந்ததும் ஒரு மாதம் கழித்து, மூன்றாம் நான்காம் இடங்களில் வைத்த பாகங்களிலிருந்து ஒவ்வொரு மிஷனை மட்டும் எடுத்து ஒரே நாளில் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். இடம் மாறுவதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் மாறும். என் பட்டியலில் பிளாக்லிஸ்ட் இருமுறை மேலே ஏறி, இருமுறையும் திரும்ப இறங்கியிருக்கிறது. முதல் பாகத்தை யூபிசாஃப்ட் டொரான்டோ மறுஆக்கம் செய்வதாக 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அது வெளிவரும்போது, நோட்டில் எட்டாவதாக ஒரு வரி எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.