விபத்தில் பிழை யாரில்? அவசரத்தில் நாம் விடும் தவறுகள்

பெரும்போக அறுவடை நேரம். காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதியில் இரவு எட்டு மணியளவில் என் மச்சானின் கார், நெல் மூட்டை ஏற்றி நின்ற உழவு மெசின் பெட்டியில் (டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில்) போய் மோதியது. இரண்டு பக்கமும் வயல், நல்ல இருட்டு. நான் போய்ச் சேர்வதற்குள் சனம் கூடித் தீர்ப்பும் சொல்லிவிட்டது: "பின்னால அடிச்சவன்லதான் பிழை." மச்சானே அதை ஒத்துக்கொண்டு, தலையைப் பிடித்தபடி ஓரத்தில் குந்தியிருந்தார்.

பின்னால் மோதியவரில் பிழை என்பது பெரும்பாலும் சரிதான். முன்னால் போகிற வாகனம் சடுதியாக நின்றாலும் தானும் நிறுத்தக்கூடிய அளவுக்கு இடைவெளி விட்டு ஓடுவது பின்னால் வருபவரின் பொறுப்பு. ஆனால் அந்த ஒரு வசனத்தோடு விசாரணையை முடித்துவிடக் கூடாது. அன்று அந்தப் பெட்டியின் பின்னால் சிவப்பு லைட் இல்லை. வெளிச்சம் பட்டால் மின்னும் தகடும் இல்லை. பெட்டியில் பாதி தாரிலேயே நின்றது. இருட்டில் பின் லைட் இல்லாமல் வாகனத்தை வீதியில் விடுவது சட்டப்படி குற்றம். அதேபோல வேறு விபத்துகளில் முன்னால் நின்ற வாகனம் பின்னுக்கு எடுத்திருக்கலாம், அல்லது முந்திப் பாய்ந்து உடனே பிரேக் அடித்திருக்கலாம். இவற்றைக் கேட்காமல் "பின்னால அடிச்சவன்" என்று முடிப்பதுதான் நம்மில் அநேகம் பேர் விடும் முதல் தவறு.

மச்சானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்திருந்தார். அப்படியென்றால் பிழை யாரில்? இருவரிலும். பிழை என்றால் ஒருவர் தலையில் முழுதாக விழ வேண்டும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. இரு தரப்பின் கவனக்குறைவையும் அளந்து நட்டஈட்டைப் பிரிப்பதற்கென்றே இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் நட்டம், அதில் உங்கள் பங்கு 30 சதவீதம் என்று நீதிமன்றம் கண்டால், மற்றவரிடமிருந்து 7 இலட்சம் கிடைக்கலாம். "என்னிலயும் கொஞ்சம் பிழை இருக்கு, அதனால ஒண்டும் கேக்க ஏலாது" என்று கைவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். கால் முறிந்தவர், உழைப்பில்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தவர். அவர்களுக்கு வர வேண்டியதில் ஒரு பங்காவது வந்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பெரிய வாகனக்காரர்தான் கட்ட வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. மோட்டார் சைக்கிளும் காரும் மோதினால் கார்க்காரர், காரும் பஸ்ஸும் மோதினால் பஸ்காரர். அடிபட்டவர் மேல் இரக்கம் வருவது இயற்கைதான். ஆனால் ஆரையம்பதியிலோ கல்லடியிலோ ஒழுங்கைக்குள் இருந்து பார்க்காமல் பிரதான வீதிக்கு ஏறிய மோட்டார் சைக்கிள், சின்ன வாகனம் என்பதால் சரியாகிவிடாது. பிரதான வீதியில் போகிறவருக்கு வழி விட்டுத்தான் ஏற வேண்டும். இதை மறுபக்கமாகவும் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள்காரரிடம் லைசன்ஸ் இல்லை என்று தெரிந்ததும் "அப்ப அவரிலதான் பிழை" என்று சொல்லிவிடுகிறார்கள். லைசன்ஸ் இல்லாமல் ஓடுவது குற்றம், அதற்குத் தனியாகத் தண்டனை உண்டு. ஆனால் அவர் தன் பக்கத்தில் ஒழுங்காக வந்து, நீங்கள் குறுக்கே திருப்பியிருந்தால், மோதலுக்குக் காரணம் உங்கள் திருப்பல். ஹெல்மெட் விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஹெல்மெட் இல்லாதது மோதலை உண்டாக்கவில்லை, தலைக் காயத்தைக் கூட்டியது. நட்டஈட்டுப் பங்கு பிரிக்கும்போது அது பேசப்படலாம்.

"சிக்னல் போட்டேன்தானே", "லைட் அடிச்சேன்தானே" என்ற இரண்டையும் பொலிஸ் நிலைய வாங்கில் அடிக்கடி கேட்கலாம். சிக்னல் நீங்கள் செய்யப்போவதைச் சொல்கிறது, அவ்வளவுதான், வழியை வாங்கித் தராது. லைட் அடிப்பதும் அப்படித்தான். வலப்பக்கம் திரும்புகிறவர் கண்ணாடியில் பார்க்கவும் வேண்டும், எதிரே வருகிறவரை விடவும் வேண்டும். சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்தால் வருகிறவருக்கு முதலில் வழி.

இனிச் சான்று. பிழை யாரில் என்பதை வீதியில் நின்று யாராலும் தீர்க்க முடியாது. ஆனால் அதைத் தீர்க்கிற சான்றெல்லாம் வீதியில்தான் கிடக்கிறது, கொஞ்ச நேரத்தில் அழிந்தும் விடுகிறது. காயப்பட்டவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும், பொலிஸுக்கு 119. அதன் பின், பொலிஸ் வருமுன் வாகனத்தை ஓரம் தள்ளிவிடாதீர்கள். காயக்காரரை எடுக்கத் தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், தள்ளுமுன் நாலு படம் எடுங்கள்.

எதை எடுப்பது? எல்லோரும் நசுங்கிய பம்பரைத்தான் கிட்டப் போய் எடுக்கிறார்கள். பம்பர் நாளைக்கும் அப்படியே இருக்கும். நாளைக்கு இருக்காதவற்றை எடுங்கள். உடைந்த கண்ணாடியும் மட்காட்டிலிருந்து கொட்டிய மண்ணும் கிடக்கும் இடம், வீதியின் நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் மோதல் நடந்தது என்று சொல்லும். பிரேக் கோடு எங்கே தொடங்கியது, முன் சில்லு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, லைட் எரிகிறதா, வீதியில் நெல் காயப் போட்டிருந்தார்களா, மணல் கிடந்ததா, எல்லாம் வேண்டும். தள்ளி நின்று சந்தியோ, மைல்கல்லோ, கரண்ட் தூணோ தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள், இடத்தைப் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. மாடு குறுக்கே வந்தது என்றால், குறி சுட்ட அடையாளம் தெரிகிற மாதிரி அந்த மாட்டை எடுங்கள். விடிந்தால் அந்த மாடு யாருடையதுமாக இருக்காது. காத்தான்குடி, கல்முனை மாதிரியான கடைத்தெருக்களில் கமராக்கள் இருக்கின்றன, ஆனால் பழைய பதிவுக்கு மேல் புதியது ஏறிவிடும். அன்றைக்கே, பிந்தினால் மறுநாளே, கடைக்காரரிடம் போய் அந்த நேரத்துப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மச்சானின் விஷயத்தில் காப்பாற்றியது ஒரு படம்தான். டியூஷன் முடிந்து வந்த பெடியன் ஒருவன் எடுத்தது. மறுநாள் காலை பொலிஸ் நிலையத்தில் நின்ற பெட்டியில் புத்தம் புதிய சிவப்புத் தகடு ஒட்டியிருந்தது. அந்தப் பெடியனின் படத்தில் தகடும் இல்லை, லைட்டும் இல்லை.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிசகு, அதிகம் நசுங்கிய வாகனம்தான் நியாயமான பக்கம் என்று எண்ணுவது. சேதத்தின் அளவைப் பார்க்காதீர்கள், இடத்தையும் திசையையும் பாருங்கள். கதவின் நடுவில் குத்தியதா, முன் மூலையிலிருந்து பின்னோக்கிக் கீறிக்கொண்டு போனதா என்பது யார் யாருக்குள் வந்தார்கள் என்று காட்டும்.

கூட்டத்தின் பேச்சைச் சாட்சியாக எடுக்காதீர்கள். எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பிள்ளைக்குச் சார்பாகத்தான் கூட்டம் பேசும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், சிங்கள ஊர் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. மோதியதைக் கண்ணால் கண்டவர் அதில் ஒருவரோ இருவரோதான். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களை விட்டுவிட்டு, அந்த ஒருவரின் பெயரையும் போன் நம்பரையும் வாங்குங்கள்.

வாக்குமூலத்தில் இன்னும் கவனம் வேண்டும். அம்பாறைப் பக்கம் நீங்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதும் நிலை வரலாம். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். குறைந்தது தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். வேகம், தூரம் எல்லாம் ஊகமென்றால் ஊகம் என்றே சொல்லுங்கள். "கிட்டத்தட்ட அறுபது" என்று நீங்கள் சொன்னது எழுத்தில் "அறுபது" ஆகிவிட்டால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. "என்னிலதான் பிழை" என்றும் பதற்றத்தில் சொல்ல வேண்டாம். அடிபட்டவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், மருந்துச் செலவுக்கு உதவுவதும் மனிதத் தன்மை. அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எண்ணிப் பயந்து ஓடிவிடாதீர்கள். நிறுத்தாமல் ஓடுவதுதான் தனிக் குற்றம்.

வீதியிலேயே காசு கொடுத்துப் பேசி முடிப்பதும் உண்டு. கீறல் மட்டும் என்றால் பரவாயில்லை, அப்போதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அடித்துச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆட்களுக்கு அடிபட்டிருந்தால் வேண்டாம். அன்று எழும்பி நடந்தவர் இரண்டு நாளில் தலையிடி, வாந்தி என்று வார்டில் கிடக்கலாம். அப்போது ஒரு பக்கம் கொடுத்த காசுக்குக் கணக்கில்லை, மறுபக்கம் வாங்கிய காசு போதாது.

பொலிஸ் போடும் வழக்கில், நீதவான் நீதிமன்றத்தில் "குற்றவாளி என்று சொல்லித் தண்டத்தைக் கட்டிவிட்டுப் போவோம், அலைய ஏலாது" என்பவர்களும் அநேகம். பிறகு நட்டஈட்டு வழக்கு வந்தால் அந்த ஒப்புதலை எடுத்துக் காட்டுவார்கள். ஆகவே சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் வாய் திறக்காதீர்கள். நட்டஈட்டு வழக்கு வேறு, அதற்கு மாவட்ட நீதிமன்றம், விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அந்த 2 வருடத்தையும் தவறவிடுகிறார்கள். மச்சான் பதினெட்டாம் மாதம்தான் சட்டத்தரணியிடம் போனார். ஆஸ்பத்திரித் துண்டுகள், கராஜ் பில்கள், பொலிஸ் என்ட்ரியின் பிரதி, அந்தப் பெடியனின் படம் எல்லாம் ஒரே பைலில் இருந்தபடியால், வழக்குப் போட முன்னரே மற்றத் தரப்பு பாதிப் பாதி என்று பேசிக்கொண்டு வந்தது.