கல்லூரியில் புதிதாக ஓட்ட அணி கட்ட: நாலாவது ஆளைத் தேடுங்கள்

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்கு பி.டி. மேடம். நான் சேர்ந்தபோது கபடி அணி இருந்தது, வாலிபால் அணி இருந்தது, ஓட்டத்துக்கு என்று ஒருவரும் இல்லை. பல்கலைக்கழகத் தடகளப் போட்டி வந்தால் கபடிப் பையன்களில் நாலு பேரைக் கூட்டிப்போய் 100 மீட்டரில் நிறுத்துவது வழக்கம். இன்றைக்கு எங்களிடம் தடகள அணியும் இருக்கிறது, தளத்தில் இல்லாமல் வயல், மேடு, கரை என்று நெடுந்தூரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி அணியும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் போன் பண்ணி, "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது மேடம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெடுந்தூரத்தில் ஆரம்பியுங்கள். உயரம் தாண்ட மெத்தை வேண்டும், ஈட்டி எறிய ஈட்டியும் பெரிய இடமும் வேண்டும், தடை ஓட்டத்துக்குத் தடைகள் வேண்டும். கிராஸ் கன்ட்ரிக்கு ஒரு கண்மாய்க் கரை போதும். அதைவிட முக்கியமான காரணம், அதில் புள்ளி போடும் முறை. உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஒரு நாட்டுக்கு ஆறு பேர் வரை ஓடலாம். முதலில் வரும் நாலு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணிக்குத்தான் வெற்றி. உங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் ஓடலாம், எத்தனை பேர் கணக்கில் வருவார்கள் என்பதைச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு போடும் விதம் ஒன்றுதான்.

ஒரு அணிக்கு முதல் இடமும் இரண்டாம் இடமும் கிடைத்துவிட்டன, மற்ற இருவரும் 30, 35 என்று வந்தார்கள் என்றால் மொத்தம் 68. இன்னொரு அணியில் ஒருவருக்கும் பதக்கம் இல்லை. 9, 11, 12, 15 என்று சேர்ந்தாற்போல வந்தார்கள். மொத்தம் 47. கோப்பை இவர்களுக்கு. இந்தக் கணக்கை முதல் நாளே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தன்னால் ஜெயிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரும். ஒரு சூப்பர் ஸ்டாரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். நாலாவது ஆளைத் தேடுங்கள். அவர் உங்கள் கல்லூரியிலேயே ஏதோ ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கே தேடுவது? நான் முதலில் போனது போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்களிடம். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகத் தாங்களாகவே விடிகாலையில் ரோட்டில் ஓடுகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். "என்னோடு வா, அந்த 7 நிமிடத்தை 5 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம்" என்றால் வருவார்கள். அடுத்து, பஸ்ஸுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் பிள்ளைகள். பிறகு கபடி அணியில் இடம் கிடைக்காதவர்கள்.

வந்தவர்களுக்கு 12 நிமிட ஓட்டம் வையுங்கள். 1968-ல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் விமானப்படைக்காக வகுத்த சோதனை அது. ஒரு விசிலும் ஒரு வாட்சும் இருந்தால் போதும். எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்து யாரையும் அனுப்பிவிடாதீர்கள். நான் அந்த நோட்டில் தூரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருந்தேன்: வருகை. முதல் நாள் 43 பேர் வந்தார்கள். நாலாவது வாரம் 11 பேர். அந்த 11 பேரில் முதல் நாள் வேகமாக ஓடியவர்கள் இரண்டே பேர்.

இனி நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நானே 800 மீட்டர் ஓடியவள். எனக்குத் தெரிந்த பயிற்சியை முதல் வாரமே கொடுத்துவிட்டேன்: 400 மீட்டரை எட்டுத் தடவை, முழு வேகத்தில். பத்தே நாளில் நாலு பேருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. ஒரு பெண்ணுக்கு எலும்பில் கீறல் விழுந்து எட்டு வாரம் ஓட முடியவில்லை. அவள் அதற்கப்புறம் ஓட்டத்துக்குத் திரும்பவே இல்லை. இன்றும் எனக்கு அது மனதில் கிடக்கிறது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும்; எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். அதனால் முதல் ஆறு வாரம் வேகமே வேண்டாம். இரண்டு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை. அதையே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, நிற்காமல் 30 நிமிடம் ஓடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச முடியாமல் இரைத்தால் குறைக்கச் சொல்லுங்கள்.

சரி, மைதானம். எங்களுக்கு 400 மீட்டர் தளம் போட இடம் இல்லை. உங்களுக்கும் இருக்காது. 88 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம் கிடைத்தால் நாலு லேன் உள்ள 200 மீட்டர் தளம் போட்டுவிடலாம். நாங்கள் ஒரு சனிக்கிழமை காலையில் போட்டோம்.

மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் குச்சி அடியுங்கள். ஒவ்வொரு குச்சியில் இருந்தும் 18.90 மீட்டர் ஆரத்தில் வெளிப்பக்கமாக ஒரு அரைவட்டம். இரண்டு அரைவட்டத்தின் முனைகளையும் நேர்கோட்டால் சேர்த்தால் உட்கோடு வந்துவிடும். ஆள் ஓடுவது கோட்டில் இல்லை. கோட்டில் இருந்து 20 சென்டிமீட்டர் வெளியே என்று வைத்துத்தான் தூரம் அளப்பார்கள். அப்படி 19.10 மீட்டர் ஆரத்துக்கு வளைவுகள் இரண்டும் சேர்ந்து 120 மீட்டர், நேர்ப்பகுதி இரண்டும் 80 மீட்டர். அரைவட்டம் தொடங்கும் இடத்தில் மூலைமட்டம் சரியாக இருக்க வேண்டும். கொத்தனார் வீட்டுக்கு மூலை பார்க்கிற அதே 3, 4, 5 கணக்குத்தான்: ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 மீட்டர் அளந்தால் குறுக்கே 5 வர வேண்டும். எங்கள் பையன் ஒருவனின் அப்பா கொத்தனார். அவன் பார்த்த வேகத்துக்கு எனக்கு வரவில்லை.

ஆரம் பிடிக்கக் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். கயிறு 10 சென்டிமீட்டர் நீண்டால் சுற்றுக்கு 63 சென்டிமீட்டர் கூடும்; 25 சுற்று ஓடும் 5000 மீட்டரில் ஏறத்தாழ 16 மீட்டர் அதிகமாக ஓடுவார்கள். பிள்ளை ஏன் வேகம் குறைந்தான் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். கட்டுக்கம்பியை முறுக்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் ஸ்டீல் டேப். கோடு போட அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் பவுடர் டின் போதும். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கோலமாவுக் கடையில் விற்கும் வெள்ளைக்கல் பொடியே நல்லது. ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். வெளி லேனில் சுற்று நீளம் என்பதால், ஒரு சுற்று ஓட்டத்துக்கு ஒவ்வொரு லேனுக்கும் முந்தைய லேனைவிட 7.67 மீட்டர் முன்னால் தொடக்கக் கோடு. தளம் சின்னதோ பெரிதோ, அது மாறாது. வேலை முடிந்ததும் அந்த இரண்டு குச்சிகளையும் தரைமட்டத்துக்கு இறக்கிச் சிமென்ட் வைத்துவிடுங்கள். மழையில் கோடு அழிந்துபோனாலும் மறுபடி ஒரு மணி நேரத்தில் போட்டுவிடலாம்.

ஆனால் எல்லா நாளும் தளத்தில் ஓட வேண்டாம். சின்ன வளைவில் ஒரே பக்கமாகச் சுற்றினால் கால் கெடும். எங்கள் பிள்ளைகள் வாரத்தில் நாலு நாள் கண்மாய்க் கரையில்தான் ஓடுகிறார்கள். திங்களும் புதனும் பேசிக்கொண்டே 40 நிமிடம். செவ்வாய் தளத்தில் 200 மீட்டர், எட்டு முதல் பத்துத் தடவை, நடுவில் நல்ல ஓய்வு. வியாழன் கரைமேட்டில் ஏறுவது: அடியில் இருந்து மேலே விரைந்து ஏறி, நடந்து இறங்குவது, பத்துத் தடவை. வெள்ளி ஓய்வு. சனி 20 நிமிடம் கொஞ்சம் அழுத்தமான வேகம். ஞாயிறு கரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், நிதானமாக. காலைப் பயிற்சி எல்லாம் ஏழு மணிக்குள் முடிய வேண்டும், நம் வெயிலுக்கு அதுதான் எல்லை. அப்புறம் சீமைக்கருவேல முள். தேய்ந்த ஷூவில் அடிப்பக்கம் வழியாக நேரே ஏறிவிடும். பையில் ஊக்கும் டெட்டாலும் இல்லாமல் நான் கரைக்குப் போவதே இல்லை. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார்கள் என்று எல்லோரிடமும் கேட்டு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகளின் அணிக்கு வேலை இரண்டு மடங்கு, பலனும் இரண்டு மடங்கு. ஒரு தகப்பனார் என்னிடம், "பொம்பளப் பிள்ளைய விடிய அஞ்சரைக்கு எப்படிங்க மேடம் அனுப்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடுதிப் பிள்ளைகளுக்குக் காலையிலும், ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு மாலை 4:15 முதல் 5:30 வரையும் என்று பிரித்தேன். 5:45 பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். அந்தத் தகப்பனாரிடம் இன்னொன்றும் சொன்னேன். 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணன் கோவிந்தன் நம் பக்கத்து மாவட்டம், புதுக்கோட்டை. இந்த மண்ணில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் பிறக்கிறார்கள் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை மகள் வந்துவிட்டாள்.

சேர்ந்த மாதமே பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நான் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் இருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தது சோர்வு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துப் போடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றுபோனால் மறைக்காமல் வந்து சொல்லும்படி பழக்குங்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது முக்கியமான அடையாளம்.

நிர்வாகத்திடம் முதல் வருடம் ஷூவும் டிராக் சூட்டும் கேட்காதீர்கள். சாப்பாடு கேளுங்கள். ஓட்டம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு கை சுண்டல், ஒரு தம்ளர் கேப்பைக் கூழ். எங்கள் விடுதிச் சமையல்காரம்மா ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறவைத்துவிடுவார். இந்த அணியில் பாதி அவருடையது. பிள்ளைகளுக்கு யாராவது பவுடரோ ஊசியோ கொடுத்தால் முதலில் உங்களிடம் காட்ட வேண்டும் என்பதைக் கண்டிப்பாக வையுங்கள். தடை செய்யப்பட்ட மருந்து எதில் கலந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் வருடம் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸைச் சேருங்கள்; தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம் அது. எங்கள் பக்கத்தில் அதற்கென்று பயிற்சி எடுத்து வருகிறவர்கள் குறைவு. தடை ஆண்களுக்கு 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2, இடித்தால் விழாத கனமான கட்டை. தச்சரிடம் ஒன்று செய்து வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

எங்கள் நாலாவது ஆள் ஒரு தமிழ் இலக்கிய மாணவி. முதல் 12 நிமிட ஓட்டத்தில் 1,650 மீட்டர், கடைசிக்கு முந்தைய இடம். வருகைக் கட்டத்தில் மட்டும் ஒரு நாள் விடவில்லை. மூன்றாம் வருடப் போட்டியில் கடைசி 500 மீட்டர் உழுத வயலை ஒட்டிய பாதை. அவள் 19-ஆவதாக வந்துகொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்று, "முன்னால மூணு பேரு, மூணு புள்ளி!" என்று கத்தினேன். மூன்று பேரையும் தாண்டி 16-ஆவதாக வந்தாள். நாங்கள் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் அணிப் பரிசு வாங்கினோம்.

இப்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்கு 12 நிமிட ஓட்டம் வைக்கும்போது விசிலும் நோட்டும் அவளிடம்தான் இருக்கும். பக்கத்துக் கல்லூரியில் பி.எட். படிக்கிறாள். ஜூன் மாதம் வந்துவிட்டால், "எப்ப மேடம் ஆரம்பிக்கிறோம்?" என்று அவளே போன் பண்ணிவிடுவாள்.